இன்னைக்கு நைட்டு என்ன சமைக்கிறது? மீல் பிளானிங் சர்வீஸ் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை முடிஞ்சு வந்து ஃபிரிட்ஜைத் திறந்து வச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறவங்களுக்காகத்தான் இந்தப் பக்கம். சந்தா கட்டலாமா வேண்டாமான்னு யோசிக்கிறவங்க, கட்டிட்டு ரெண்டாவது வாரமே ஆப்பைத் திறக்காம விட்டவங்க, ரெண்டு தரப்பும் கேக்குறது கீழ இருக்கு. வரிசையா படிக்கணும்னு இல்ல, உங்களுக்குத் தேவையானதுக்கு நேரா போயிடுங்க.

மீல் பிளானிங் சர்வீஸ்னா சாப்பாடு வீட்டுக்கே வந்துடுமா?

பெரும்பாலும் வராது. இந்தப் பேர்ல மூணு வேற வேற சமாச்சாரத்தை விக்கிறாங்க, குழப்பமே அங்கதான். ஒண்ணு, பிளான் மட்டும்: இந்த வாரத்துக்கு இன்ன இன்ன டின்னர், அதுக்கு ரெசிபி, வாங்க வேண்டிய லிஸ்ட், அவ்வளவுதான், கடைக்குப் போறதும் அடுப்புல நிக்கிறதும் நம்ம பாடு. ரெண்டாவது மீல் கிட், அளந்து பேக் பண்ணின பொருளும் ரெசிபி கார்டும் ஒரு பெட்டியில வரும், சமைக்கிறது நாம. இது 2007, 2008 வாக்குல ஸ்வீடன்ல ஆரம்பிச்ச பழக்கம், 2011-ல பெர்லின்ல ஹலோஃபிரெஷ் வந்தப்புறம் பல நாட்டுக்குப் பரவுச்சு. மூணாவது, சமைச்சே அனுப்புறது, சூடு பண்ணினா போதும்.

இங்க முக்கியமா முதல் வகையைத்தான் பேசுறேன். டெலிவரி இல்லாத இடத்துலயும் அது வேலை செய்யும், விலையும் மூணுல அதுதான் குறைச்சல்.

ஒரு பேப்பர்ல நானே எழுதிக்கலாமே, இதுக்கு எதுக்கு காசு?

தாராளமா எழுதலாம். ஒரு பேப்பரும் பேனாவும் வச்சு வருஷக்கணக்கா ஓட்டுற வீடுங்க எத்தனையோ இருக்கு, அவங்களுக்கு இது தேவையே இல்ல.

ஆனா பேப்பர்ல எழுதுறதுக்கு முன்னாடி ஒருத்தர் உக்காந்து யோசிக்கணும்ல, அதுதான் விஷயம். ஃபிரிட்ஜ்ல என்ன மிச்சம் இருக்கு, எது நாளைக்குக் கெட்டுப்போகும், யாருக்கு எது பிடிக்காது, வியாழக்கிழமை யார் லேட்டா வருவா, போன வாரம் என்ன செஞ்சோம்னு இத்தனையும் பெரும்பாலான வீட்ல ஒரே ஒரு ஆளோட மண்டைக்குள்ளதான் ஓடிக்கிட்டு இருக்கும். அவங்களுக்கு ஒரு நாள் காய்ச்சல்னா வீடே ஆர்டர் பண்ணித்தான் சாப்பிடும். சமைக்கிற நேரத்தை எந்த சர்வீஸும் பெருசா குறைச்சுடாது, விளம்பரத்துல என்ன சொன்னாலும் சரி. அந்த மண்டைக்குள்ள இருக்கிறதை எல்லாரும் பாக்குற இடத்துக்கு எடுத்துட்டு வரும், காசு குடுக்கிறது அதுக்குத்தான். அது நடக்கலைன்னா எவ்வளவு அழகான ஆப்பா இருந்தாலும் தண்டம்.

சேர்ந்த உடனே முதல்ல என்ன செட் பண்ணணும்?

எல்லாரும் நேரா ரெசிபி படங்களைப் பாக்கப் போயிடுவாங்க. அதுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல ஒரு அரை மணி நேரம் போடுங்க: எத்தனை பேர், அலர்ஜி என்ன, சுத்தமா ஆகாத பொருள் எது, வார நாள்ல சமைக்க எவ்வளவு நேரம், வீட்ல ஓவன் இருக்கா குக்கர் இருக்கா. இல்லாத ஓவனுக்கு வாரத்துல மூணு ரெசிபி வந்துச்சுன்னா வெறுத்துப்போயிடும்.

அப்புறம் இது ரொம்ப முக்கியம், உங்க வீட்ல ஏற்கனவே ஓடுற ஐட்டங்களை ஒரு 10, 12 ஆப்புல ஏத்துங்க. எல்லாரும் மறுபேச்சு இல்லாம சாப்பிடுறது எதுவோ அது, கண்ணை மூடிட்டு செய்யத் தெரிஞ்சது எதுவோ அது. வாரத்துல புது ரெசிபி ஒண்ணு போதும், மத்ததெல்லாம் தெரிஞ்சதாவே இருக்கட்டும். 5 புது ரெசிபியோட ஆரம்பிக்கிற வீட்ல சமைக்கிறவங்க தினமும் போனைப் பாத்துப் பாத்து அளந்துக்கிட்டு நிப்பாங்க, சாப்பிடுறவங்க தினமும் "இது என்ன"ன்னு கேப்பாங்க, எத்தனை நாளைக்குத் தாங்கும் சொல்லுங்க.

வெப்சைட்ல பிடிச்ச ரெசிபி இருந்தா லிங்கை மட்டும் குடுத்தா பல ஆப் தானாவே பொருள், அளவு, செய்முறைன்னு பிரிச்சு எடுத்துக்கும். ரெசிபி சைட்டுங்க பக்கத்துக்குப் பின்னாடி ஸ்கீமா டாட் ஆர்க்னு ஒரு பொதுவான குறியீட்டு முறையில இதையெல்லாம் தனித்தனியா குறிச்சு வச்சிருக்கும், ஆப் அதைத்தான் படிக்குது. குறிக்காத சைட்டா இருந்தா அரைகுறையா வரும், அதனால இம்போர்ட் பண்ணினதும் அளவை ஒரு தடவை சரிபாத்துடுங்க.

7 நாளுக்கும் பிளான் போடணுமா?

வேண்டாம். 4 நாளைக்குப் போடுங்க, மிஞ்சிப்போனா 5. ஒரு ராத்திரி மிச்சம் மீதியைத் தீக்கறதுக்கு, இன்னொண்ணு வெளிய போறதுக்கோ யாராச்சும் திடீர்னு வந்து நிக்கிறதுக்கோ சும்மா விடுங்க. கூடவே ஒரு எமர்ஜென்சி டின்னர் எப்பவும் கையில இருக்கணும், அதாவது சீக்கிரம் கெட்டுப்போகாத பொருள்லயே 15 நிமிஷத்துல முடியுற மாதிரி ஒண்ணு: பாஸ்தா, பருப்பு, முட்டை, ஃப்ரோசன் பட்டாணி, இந்த மாதிரி. பிளான் கவுந்துபோற அன்னைக்கு அதுதான் காப்பாத்தும், பிளான் கவுறத்தான் செய்யும்.

7 நாளும் நிரப்பினா என்ன ஆகும்னா, செவ்வாய்க்கிழமை ஒண்ணு தள்ளிப்போகும், அதோட காய் புதன்கிழமை வாடும், புதன்கிழமைக்குரியது வியாழனுக்குப் போகும், வெள்ளிக்கிழமை ஃபிரிட்ஜ்ல பாதி வாரம் உக்காந்திருக்கும், அதைப் பாத்ததும் குற்ற உணர்ச்சியில வெளிய ஆர்டர் பண்ணிடுவோம். ஆப்புங்க 7 கட்டத்தைக் காலியா காட்டி வச்சு நிரப்பு நிரப்புன்னு ஆசை காட்டும், கண்டுக்காதீங்க.

எந்த நாள்ல எதுங்கிறதும் இருக்கு. கடைக்குப் போய்ட்டு வந்த முதல் ரெண்டு நாள்ல மீன், கீரை, காளான் மாதிரி சீக்கிரம் போறதை முடிங்க. முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு, பூசணி எல்லாம் வாரக் கடைசி வரைக்கும் நிக்கும். பச்சைக் கோழி ஃபிரிட்ஜ்ல 1, 2 நாள்தான் தாங்கும், சனிக்கிழமை வாங்கி புதன்கிழமைக்குப் பிளான் போட்டிருந்தா வாங்கின அன்னைக்கே ஃப்ரீசர்ல போட்டுட்டு செவ்வாய்க்கிழமை ராத்திரி ஃபிரிட்ஜுக்கு மாத்துங்க. நீங்க எந்த நாள்ல கடைக்குப் போறீங்கன்னு ஆப்புக்குத் தெரியாது, அதனால அது போட்ட வரிசையை அப்படியே வச்சுக்காம இழுத்து மாத்திக்கணும்.

20 நிமிஷம்னு போட்டிருக்கு, எனக்கு 50 நிமிஷம் ஆகுது. என்கிட்ட ஏதாவது கோளாறா?

இல்லவே இல்ல. ரெசிபில "நறுக்கிய வெங்காயம் 2 கப்"னு பொருள் லிஸ்ட்லயே எழுதிட்டா அந்த நறுக்குற நேரம் கணக்குக்குள்ளயே வராது, அது ஒரு தந்திரம். தோல் உரிக்கிறது, கழுவுறது, தண்ணி கொதிக்கிறது, ஓவன் சூடாகுறது எதையும் எண்ண மாட்டாங்க. வெங்காயத்தை அடர் பழுப்பா, இனிப்பு ஏறுற வரைக்கும் வதக்கணும்னா அரை மணி நேரத்துக்குக் குறையாம நிக்கணும், ரெசிபில பாத்தா 5 நிமிஷம்னு கூசாம போட்டிருப்பாங்க.

முதல் தடவை செய்யும்போது போட்ட நேரத்தோட இன்னொரு பங்கு சேத்து எடுத்து வைங்க. செஞ்சு முடிச்சதும் உங்களுக்கு ஆன நேரத்தை ரெசிபியோட நோட்ஸ்ல எழுதிடுங்க, ரெண்டு மாசத்துல உங்க ஆப்புல இருக்கிற நேரம்தான் உண்மையான நேரமா இருக்கும்.

ஷாப்பிங் லிஸ்டை அப்படியே நம்பலாமா?

நம்பலாம், ஒரு தடவை கண்ணால ஓட்டிட்டு. நாலு ரெசிபியோட பொருளையும் கூட்டி ஒரே லிஸ்டா தரும், அதுதான் இதோட பெரிய வசதியே. ஆனா ஒரு ரெசிபில "வெங்காயம் 2", இன்னொண்ணுல "நறுக்கிய வெங்காயம் 1 கப்", மூணாவதுல "பெரிய வெங்காயம் பாதி"ன்னு இருந்தா பல ஆப் இதை மூணு தனி வரியாத்தான் காட்டும், கூட்டத் தெரியாது. கடையில முதல் வரியைப் பாத்து 2 வாங்கிட்டு வந்துடுவோம், மத்த ரெண்டு வரியும் எங்கயோ கீழ மசாலாப் பொருளுக்கு நடுவுல கெடக்கும்.

உப்பு, எண்ணெய், மிளகுன்னு வீட்ல எப்பவும் இருக்கிறதை இருப்புன்னு குறிச்சு வச்சா லிஸ்ட்ல வராது, ஆனா அது தீர்ந்துபோறதும் ஆப்புக்குத் தெரியாது. கிளம்புறதுக்கு முன்னாடி அலமாரியை ஒரு பார்வை பாத்துடுங்க. கொத்தமல்லி மாதிரி கட்டா வாங்குறதை ரெசிபி 2 ஸ்பூன்தான் கேக்கும், அப்படி ஒண்ணு இருந்தா அதே வாரத்துல மிச்சக் கட்டையும் தீக்கிற இன்னொரு ரெசிபியைத் தேடிப் போட்டுடுங்க. பொருளை வச்சு ரெசிபி தேடுற வசதி இருக்கிற சர்வீஸ் இதுக்காகவே நல்லது.

4 பேருக்கான ரெசிபியை 6 பேருக்கு மாத்தினா சரியா வருமா?

பொருள் அளவு சரியா வரும். உப்பு, காரத்தைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டு ருசி பாத்து ஏத்துங்க. நேரத்தை ஆப் மாத்தாது: பாத்திரம் நிறைய இருந்தா வதங்காம வேகும், தண்ணி விட்டுக்கும், அதனால ரெண்டு தடவையா போடுங்க.

குழந்தை புதுசா எதையும் தொட மாட்டேங்குது, பிளானே பாழாகுது. என்ன பண்றது?

குழந்தைங்க சாப்பாட்டு விஷயத்துல எலின் சாட்டர்னு அமெரிக்க டயட்டீஷியன் ஒருத்தங்க பொறுப்பைப் பிரிச்சு வச்சாங்க: என்ன, எப்ப, எங்கன்னு தீர்மானிக்கிறது பெரியவங்க, சாப்பிடுறதா வேண்டாமா எவ்வளவுங்கிறது குழந்தை. இதை மனசுல வச்சு பிளான் போட்டா தட்டுல சண்டை குறையும். அதாவது ஒவ்வொரு டின்னர்லயும் அந்தக் குழந்தை நிச்சயமா சாப்பிடுற ஒண்ணு மேசையில இருக்கணும், வெறும் சாதமோ ரொட்டியோ வெள்ளரிக்காயோ எதுவா இருந்தாலும் பரவாயில்ல, புதுசு பக்கத்துல சும்மா இருக்கட்டும், ஊட்டி விடாதீங்க, ஒரு வாய்க்கு ஒரு சாக்லேட்னு பேரமும் பேசாதீங்க. ஒரு புதுக் காயை ஏத்துக்கறதுக்கு குழந்தைக்கு 8, 10, சில சமயம் 15 தடவை கூட கண்ல படணும்னு ஆராய்ச்சிங்க சொல்லுது. ரெண்டு தடவை மறுத்ததும் ஆப்புல "பிடிக்கல"ன்னு தட்டிட்டா அந்தக் காய் அப்புறம் வரவே வராது, கவனம்.

பிரிச்சுப் பரிமாறுற டின்னர்னு ஒரு வகை இருக்கு, அதை அதிகமா தேடி எடுங்க. எல்லாத்தையும் ஒண்ணாக் கலக்காம சாதம் தனி, காய் தனி, கோழியோ பீன்ஸோ தனி, சாஸ் தனின்னு வச்சா அவங்கவங்க தேவைக்கு எடுத்துப்பாங்க. வீட்ல ஒருத்தர் சைவம், ஒருத்தர் அசைவம், ஒருத்தர் மாவுச்சத்து குறைக்கிறார்னாலும் இதே வழிதான், மூணு சமையல் தேவையில்ல. சாதாரண ஃபில்டர்ல எல்லாருக்கும் ஒத்து வர்றதைத் தேடினா கடைசியில சாலட் மட்டும்தான் மிஞ்சும்.

அலர்ஜி ஃபில்டரை நம்பலாமா?

முழுசா நம்பாதீங்க. ரெண்டு காரணம். முதல்ல, ஃபில்டர் ரெசிபில எழுதியிருக்கிற பேரை வச்சுத்தான் வேலை செய்யுது, நீங்க கடையில எடுக்கிற பாக்கெட்டுக்குள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது. ரெசிபில சோயா சாஸ்னு இருக்கும், பல சோயா சாஸ்ல கோதுமை இருக்கு. வேர்க்கடலையும் பாதாம் முந்திரி வகையும் வேற வேற அலர்ஜி, சில ஆப் ரெண்டையும் ஒரே பட்டன்ல அடைச்சிருக்கும்.

ரெண்டாவது, எந்த நாட்டுக்காக செஞ்ச சர்வீஸ்ங்கிறது. அமெரிக்காவுல லேபிள்ல சொல்லியே ஆகணும்னு இருக்கிற முக்கிய அலர்ஜிப் பொருள் 9 (எள்ளு 2023-லதான் சேந்துச்சு), ஐரோப்பிய யூனியன்ல 14. கடுகும் செலரியும் ஐரோப்பா லிஸ்ட்ல இருக்கு, அமெரிக்கா லிஸ்ட்ல இல்ல. அதனால வீட்ல யாருக்காவது கடுகு அலர்ஜி இருந்தா, உங்க ஆப்புல அப்படி ஒரு பட்டன் இருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லைன்னா ஆகாத பொருள் லிஸ்ட்ல நீங்களா எழுதிச் சேருங்க. எழுதினாலும் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பிப் படிக்கிற வேலை இருக்கத்தான் செய்யும்.

லீவு நாள்ல மொத்த வாரத்துக்கும் சமைச்சு வச்சிடலாமா?

மொத்த வாரத்துக்கும் வேண்டாம். சமைச்ச சாப்பாடு ஃபிரிட்ஜ்ல 3, 4 நாள், அதுக்கு மேல போறதை ஃப்ரீசர்ல வைங்க. ஃபிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் பக்கத்துல, ஃப்ரீசர் மைனஸ் 18-ல இருக்கணும். சமைச்சு 2 மணி நேரத்துக்குள்ள உள்ள போயிடணும், பெரிய சட்டியோட அப்படியே வச்சா நடுவுல சூடு இறங்கவே நேரமாகும், அதனால தட்டையான சின்ன டப்பாவுல பிரிச்சு வைங்க.

சாதத்துல கூடுதல் கவனம். அரிசியில பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியாவோட வித்து இருக்கும், கொதிக்க வச்சாலும் சாகாது, வெளியிலயே வச்சிருந்தா முளைச்சு நஞ்சை உண்டாக்கிடும், அப்புறம் எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. சீக்கிரம் ஆறவச்சு ஃபிரிட்ஜ்ல வச்சு மறுநாளே முடிச்சிடுறது நல்லது.

என்னைக் கேட்டா, முழுசா சமைக்கிறதை விட பாதி வேலையை முடிச்சு வைக்கிறதுதான் வார நாள்ல கை குடுக்கும்: வெங்காயம் நறுக்கி டப்பாவுல, கீரை கழுவி துணியில சுத்தி, பருப்பு வேகவச்சு, ஒரு சாஸ் அரைச்சு. ருசியும் பழசாகாது, 4 நாளும் ஒரே குழம்பான்னு யாரும் மூஞ்சியைத் தூக்கவும் மாட்டாங்க.

காசு மிச்சமாகுமா?

பிளான் மட்டும் தர்ற வகையில ஆகலாம், மீல் கிட்ல பெரும்பாலும் ஆகாது, பொருளை அளந்து பேக் பண்ணி அனுப்புற செலவும் நம்ம தலையிலதான் விழும். மிச்சம் வர்றது ரெண்டு இடத்துல. ஒண்ணு, தூக்கிப் போடுறது குறையுறது: ஐநா சுற்றுச்சூழல் அமைப்போட 2024 அறிக்கைப்படி 2022-ல உலகம் முழுக்க வீணான சாப்பாடு சுமார் 105 கோடி டன், அதுல 60 சதவீதம் வீடுகள்லதான். இன்னொண்ணு, யோசிக்கத் தெம்பு இல்லாம வெளிய ஆர்டர் பண்றது. உங்க வீட்ல இது ரெண்டுமே ஏற்கனவே குறைச்சல்னா சந்தா காசு கூடுதல் செலவுதான், அதுல ஒளிவு மறைவு இல்ல.

அதுல காட்டுற கலோரிக் கணக்கு சரியா?

தோராயம்தான். நீங்க ஊத்துற எண்ணெயை அது பாக்கல. உப்பு மட்டும் கவனிக்கலாம், ஆப்புல சோடியம்னு மில்லிகிராம்ல காட்டும்: பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குக் கீழன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அது 5 கிராம் உப்புக்குச் சமம். ஒரே டின்னர்லயே 1500 காட்டினா யோசிங்க. சர்க்கரை நோய், கிட்னி பிரச்சினை இருக்கிறவங்க ஆப்பை வச்சு முடிவு பண்ணாம டாக்டர், டயட்டீஷியன்கிட்ட பேசிக்கங்க.

ஏஐ சாட்பாட்கிட்ட கேட்டாலே போதாதா?

ஃபிரிட்ஜ்ல இருக்கிறதைச் சொல்லி 4 டின்னர் கேட்டா நல்லாவே தருது, மிச்சத்தைத் தீக்கிற ஐடியாவுக்கு ரொம்பவே உபயோகம். ஆனா அந்த ரெசிபியை யாரும் சமைச்சுப் பாத்தது கிடையாது, அளவும் நேரமும் கேக்க சரியா இருக்கும், சட்டியில வேற மாதிரி இருக்கும். சில இடத்துல இது ருசியோட நிக்காது. காய்ஞ்ச ராஜ்மாவை ஸ்லோ குக்கர்ல நேரா போடுன்னு ஒரு ரெசிபி வந்தா நம்ம கண்ணுக்குத் தப்பா தெரியாது, ஆனா அதுல லெக்டின்னு ஒரு நச்சு இருக்கு, குறைஞ்ச சூட்டுல அது போகாது, வாந்தி வயித்துப்போக்குல கொண்டு போய் விடும். ஊறவச்ச தண்ணியைக் கொட்டிட்டு புதுத் தண்ணியில 30 நிமிஷம் நல்லா கொதிக்க விடணும்.

வீட்ல மத்தவங்க யாரும் ஆப்பைத் திறக்கவே மாட்டேங்கிறாங்க.

இதுதான் அதிகமா வர்ற புகார், சர்வீஸ் தோத்துப்போறதும் இங்கதான். பிளான் போடுறது, லிஸ்ட் பாக்குறது, ஞாபகப்படுத்துறது எல்லாம் பழைய ஆளே பண்ணினா வேலை ஒண்ணு கூடியிருக்கே தவிர குறையல. ஒரே அக்கவுண்டை ரெண்டு போன்ல திறக்க முடியுதா, ஒருத்தர் லிஸ்ட்ல டிக் அடிச்சா இன்னொருத்தருக்கு உடனே தெரியுதான்னு இலவச டிரையல் காலத்துலயே பாத்துடுங்க, இந்த வசதி இல்லாத சர்வீஸை நான் எடுக்கவே சொல்ல மாட்டேன். அப்புறம் அந்த 4 டின்னர் பேரையும் பெரிய எழுத்துல எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டுங்க. அதுக்குக் கீழயே யார் சமைக்கிறாங்கன்னு பேரும் போடுங்க. "என்ன டின்னர்"ன்னு யாராவது கேட்டா வாயைத் திறக்காம கதவைக் காட்டுங்க. புதன்கிழமை பேர் போட்டவர் அன்னைக்கு ரெசிபியை மாத்தினா மாத்தட்டும், சுமாரா வந்தாலும் சாப்பிட்டுட்டுப் போங்க, நடுவுல போய் கரண்டியைப் பிடுங்கினீங்கன்னா அடுத்த வாரம் அந்தப் பேர் அங்க இருக்காது.

வருஷ சந்தாவா மாச சந்தாவா? நிறுத்தணும்னா எப்படி?

முதல்ல மாசமாவே எடுங்க, தள்ளுபடி எவ்வளவு காட்டினாலும். இலவச காலம் முடிஞ்சா பல சர்வீஸ் தானாவே காசு எடுக்கும், அதனால முடியுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி போன்ல ரிமைண்டர் போட்டுக்கங்க. ரெசிபிங்களை வெளிய எடுக்கிற வசதி இருக்கான்னு சேருறதுக்கு முன்னாடியே பாருங்க: பெரிய ஆளுங்களே கடையை மூடுறாங்க, 2017-ல வேர்ல்பூல் கம்பெனி வாங்கின யம்லிங்கிற ரெசிபி ஆப்பே 2024 கடைசியில மூடிடுச்சு. அப்பப்போ வீட்டுக்கு ஒத்துவந்த ரெசிபியை மட்டும் பிடிஎஃப்பாவோ பிரிண்ட்டாவோ எடுத்து வச்சுக்கங்க, நீங்க எழுதின நோட்ஸும் அதுல வருதான்னு பாத்துக்கங்க.

மீல் கிட்னா வார வாரம் ஸ்கிப் பண்றதுக்கு ஒரு கடைசி நாள் இருக்கும், பெட்டி வர்றதுக்கு சில நாள் முன்னாடியே அது முடிஞ்சிடும், தவறினா பெட்டி வந்து நிக்கும். அப்புறம் ஒண்ணு, ஆப்பை போன்லேருந்து அழிச்சா சந்தா நிக்காது. ஆப் ஸ்டோர் வழியா கட்டியிருந்தா அங்க சந்தாப் பகுதிக்குப் போய் நிறுத்தணும், அவங்க சைட்ல கட்டியிருந்தா சைட்ல, நிறுத்தினதுக்கு மெயில் வந்திருக்கான்னும் பாத்துக்கங்க.